சப்பாத்திக்கள்ளிப் பழ ஐஸ்கிரீம்: முட்டையில்லாமல், மெஷினில்லாமல் வருமா?

கேள்வி, ஆகஸ்ட் 17

ஊருக்குப் போன இடத்தில் ஒரு தூக்குவாளி நிறையக் கள்ளிப்பழம் பறித்து வந்தோம். வீடியோவில் பார்த்தபடி சாறெடுத்து, பாலில் ஊற்றிக் காய்ச்சினேன். மொத்தமும் திரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. முட்டை போடாததால்தான் இப்படி ஆனது என்கிறார் என் நாத்தனார். முட்டையில்லாமல் இந்தப் பழத்தில் ஐஸ்கிரீம் வரவே வராதா? மெஷினும் கிடையாது.

ஆகஸ்ட் 17, இரவு

முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முட்டை போட்டிருந்தாலும் திரிந்துதான் இருக்கும், கூடவே முட்டையும் வீண். நம் வேலிக்கள்ளிப் பழம் நல்ல புளிப்பு. வாயில் போட்டதும் இனிப்பு முந்திக்கொள்வதால் புளிப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. சூடான பாலுக்கு அது தெரிந்துவிடும். நாத்தனாரிடம் சொல்லுங்கள், நீங்கள் எடுத்தது ரோஸ் கலர் பன்னீர்.

பாலைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சாறும் தனியாகக் குளிரட்டும். இரண்டும் சில்லென்று ஆனபிறகு கலக்குங்கள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18, காலை

"அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டுத் தூங்கப் போனால், அளவு சொல்லாமல் போனதற்கு ஏழெட்டுப் பேர் திட்டியிருக்கிறீர்கள். சரி, அளவு.

முழுக்கொழுப்புப் பால் அரை லிட்டர். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட், அதில் 6% கொழுப்பு. நீல பாக்கெட்டில் 3% தான், அதில் செய்தால் ஐஸ் வரும், ஐஸ்கிரீம் வராது. பாலை அடி கனமான பாத்திரத்தில் 350 மில்லி ஆகும்வரை சுண்டவிடுங்கள். 100 கிராம் சர்க்கரை, 30 கிராம் பால் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு. மாவையும் பவுடரையும் ஆறின பாலில் கரைத்து ஊற்ற வேண்டும், நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். கெட்டியானதும் இறக்கி, ஒரு சிட்டிகை உப்பு. ஆறியதும் 200 மில்லி ஃபிரெஷ் கிரீம். பழக்கூழ் ஒரு டம்ளர், சுமார் 200 மில்லி, அதில் 40 கிராம் சர்க்கரை கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் வைத்துப் பார்க்கும்போது "ஐயோ, இனிப்பு தூக்கல்" என்று தோன்ற வேண்டும். உறைந்தபிறகு நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சர்க்கரை ருசிக்கு மட்டுமல்ல, கலவை கல்லாக உறையாமல் இருப்பதற்கும் அதுதான் காவல். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்கள் அப்புறம் கரண்டியை வளைத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

ஆகஸ்ட் 18, மதியம்

முள்ளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் படிப்பவர்களில் பட்டணத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்காக.

பெரிய முள் பிரச்சினையே இல்லை, கண்ணுக்குத் தெரியும். பழத்தின் மேல் புள்ளி புள்ளியாக இருக்கும் பொடிமுள்தான் ஆளைக் கொல்லும். தொட்டால் கொத்தாகக் கழன்று தோலில் ஏறிவிடும். மயிரிழை கனம்தான், ஆனால் நுனியில் பின்னோக்கிய கொக்கி உண்டு, அதனால் தேய்க்கத் தேய்க்க உள்ளே போகும். இடுக்கியால் பழத்தைப் பிடித்துக் கேஸ் அடுப்பில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பொடிமுள் சடசடவென்று பொசுங்கும், தலைமுடி தீய்ந்த வாடை வரும். தோல் பளபளப்பாகித் துளி வேர்த்ததும் எடுத்துவிடுங்கள். பழம் வேகக்கூடாது, வெந்தால் நிறம் போய்விடும். நாங்கள் சின்ன வயதில் சாக்கின்மேல் போட்டுச் செருப்புக் காலால் உருட்டுவோம். அதுவும் வேலை செய்யும், சாக்கை அப்புறம் யாரும் தொடாமல் இருந்தால்.

பழத்தை நறுக்கும்போது தலைப்பக்கம் நடுவில் நட்சத்திரம் மாதிரி ஒரு முள்கொத்து உட்கார்ந்திருக்கும். தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதை எடுக்கத்தான். தொண்டையில் சிக்கினால் கஷ்டம். கிண்டி எடுப்பதைவிடத் தலையையே அரை அங்குலம் அரிந்து எறிந்துவிடுவது மேல்.

கையில் ஏறிவிட்டால் ஃபெவிகாலைத் தடவி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். மீதிக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சிமிட்டாதான்.

ஆகஸ்ட் 19

கலிபோர்னியாவிலிருந்து ஒரு தம்பி: "அண்ணாச்சி, நான் சாறை நேராக வெதுவெதுப்பான பாலில்தான் ஊற்றுகிறேன். ஒருநாளும் திரிந்ததில்லை."

தம்பி சொல்வதும் சரிதான். அவர் வாங்குவது மெக்சிகன் கடைப் பழம். அது ஒபன்ஷியா ஃபைக்கஸ் இண்டிகா, கைக்கு அடங்காத பெரிய ரகம், பெரும்பாலும் முள் எடுத்தே விற்பார்கள். அதில் புளிப்பு மிகக் குறைவு, பிஎச் 5, 6 என்று நிற்கும் (பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும்). பால் புரதம் திரளும் இடம் 4.6. அதனால் அவர் பால் தப்பிக்கிறது. நம் வேலியில் இருப்பது ஒபன்ஷியா டில்லேனி. பழம் பெரிய நெல்லிக்காயைக் காட்டிலும் கொஞ்சம் பெரிது, உள்ளே முழுக்க விதை, பிஎச் 4.6-க்கு நன்றாகக் கீழே. வீடியோ போடுகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுச் செய்முறையைப் பார்த்து நம்மூர்ப் பழத்தில் செய்யச் சொல்கிறார்கள். கேள்வி கேட்டவர் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

ஆகஸ்ட் 19, சற்று கழித்து

விதையோடு மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: கூடவே கூடாது. விதை மல்லி அளவு இருந்தாலும் கருங்கல். உடைந்தால் ஐஸ்கிரீமில் ஆற்று மணல் கடிபடும், லேசாகக் கசக்கவும் செய்யும். கையால் பிசைந்து சல்லடையில் தேய்ப்பதுதான் வழி. மிக்ஸி கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே ஒரு திருப்பு, நிறுத்திவிட வேண்டும். ஒரு டம்ளர் கூழுக்கு இருபது பழத்துக்குக் குறையாமல் ஆகும்.

இத்தாலியின் சிசிலித் தீவில் அந்தப் பெரிய ரகத்தைத் தோப்பாகவே வளர்க்கிறார்கள். அங்கே ஜூன் மாதம் முதல் பூவை வேண்டுமென்றே தட்டி உதிர்த்துவிடுவார்கள். செடி மறுபடி பூத்து, இலையுதிர் காலத்தில் பெரிதாக, விதை குறைவாகக் காய்க்கும். நம்மூர் வேலியில் போய்ப் பூவைத் தட்டினால் ஆடு மேய்க்கிற தாத்தா நம்மைத் தட்டுவார்.

ஆகஸ்ட் 21

டிராகன் ஃபுரூட் ஐஸ்கிரீம் படத்தைப் போட்டு "நானும் கள்ளிப்பழ ஐஸ்கிரீம் செய்துவிட்டேன்" என்று ஒருவர் மார்தட்டியிருக்கிறார். பின்னாலேயே நாலு பேர் "இது கள்ளியே இல்லை" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சண்டைக்காரர்களே, அதுவும் கள்ளிக் குடும்பம்தான். 2021-இல் குஜராத் அரசு அதற்குக் "கமலம்" என்று பேர் சூட்டியது, அதற்காகத் தாமரைக் குடும்பமாகிவிடவில்லை.

ஆனால் சமையலறையில் இரண்டும் வேறு வேறு பிராணி. டிராகனில் முள் இல்லை, விதையை அப்படியே சாப்பிடலாம், புளிப்பு கொஞ்சம்தான், பாலோடு சண்டை போடாது. சிவப்புச் சதை ரகத்தில் நிறமும் கள்ளிப்பழத்தின் அதே நிறமிதான். எல்லாம் சௌகரியம். ருசி எங்கே? நாலு சொட்டு எலுமிச்சையும் இஞ்சியும் சேர்த்தால்தான் அது வாயில் இருப்பதே தெரியும். நான் நம்ம வேலிக்காரன் கட்சி.

ஆகஸ்ட் 24

சோளமாவைப் பற்றி இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

முட்டை மஞ்சள்கரு ஐஸ்கிரீமில் இரண்டு வேலை பார்க்கிறது. கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிப்பது ஒன்று. கலவையைக் கெட்டியாக்கி, தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசியாக மாறாமல் தடுப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பால் பவுடரில் உள்ள புரதம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குத்தான் மாவு. ஆனால் கள்ளிப்பழத்திலேயே ஒரு வழுவழுப்பு இருக்கிறதே, விரலில் தொட்டு இழுத்தால் நூல் விடுமே, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற பசை. அதாவது முட்டையின் பாதி வேலையைப் பழமே இலவசமாகச் செய்கிறது. அதை வடிகட்டி எறிந்துவிட்டு, கடையில் மாவு வாங்கிக் கெட்டியாக்குவது என்ன கணக்கு?

அதனால், தானாக ஓடிவரும் தண்ணிச் சாற்றோடு நிறுத்தாதீர்கள். சல்லடையின் முதுகில் ஒட்டி நிற்கும் கூழை வழித்தெடுங்கள், சத்து அங்கேதான். அப்படி எடுத்தால் சோளமாவை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு மேசைக்கரண்டி போட்டதில் கடைசியில் நாக்கில் ஒரு மாவுப் படலம் நின்றது. கூவைக்கிழங்கு மாவு கிடைத்தால் அது இன்னும் மேல்.

பால் பவுடரை இஷ்டத்துக்குக் கூட்டலாமா என்றால், கூடாது. அதில் உள்ள பால் சர்க்கரை அளவு மீறினால், நாள்பட்ட ஐஸ்கிரீமில் பொடிப்பொடியாகப் படிந்து நறநறக்கும். கண்டென்ஸ்டு மில்க் டப்பா ஊற்றுகிறவர்கள் சர்க்கரையைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த வழி சுலபம்தான், ஆனால் பழ வாசனை அதில் அமுங்கிப்போகும். இந்தப் பழத்துக்கு இருப்பதே மெல்லிய வாசனை. ஏலக்காய், வெனிலா என்று எதையும் போட்டு அதைத் துரத்தாதீர்கள்.

ஆகஸ்ட் 25

நிறம் ரோஸ் மில்க் மாதிரியே வரும். எசென்ஸ் ஊற்றினாயா என்று கேட்பார்கள், தயாராக இருங்கள். நாவல் பழம் பாலில் விழுந்தால் நிறம் மங்கிச் சாம்பல் ஊதாவாகும், இது மாறாது. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன் வகை நிறமிதான் இதிலும். சூடும் வெளிச்சமும்தான் அதற்கு எதிரி, குளிரில் பத்திரமாக இருக்கும்.

ரொம்பச் சாப்பிட்டால் மறுநாள் காலை சிறுநீரும் அதே நிறத்தில் போகலாம். பயந்து டாக்டரிடம் ஓடும் முன், முந்தின நாள் கிண்ணத்தை எண்ணிப் பாருங்கள்.

செப்டம்பர் 2

"பறித்த மட்டையில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது, நசுக்கினால் ரத்தம் வருகிறது, பழத்தைச் சாப்பிடலாமா?" என்று படத்தோடு ஒரு கேள்வி. அருமையான படம். அது ரத்தமில்லை, காக்கினியல் வகைப் பூச்சி. பழத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இந்தப் பூச்சிக்காகத்தான் கள்ளியையே வெள்ளைக்காரன் இங்கே வளர்த்தான். 1780களின் கடைசியில் மதராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்களின் வியாபாரத்தில் கை வைப்பது திட்டம். வந்து சேர்ந்த பூச்சி மட்ட ரகமாகிப்போனதால் சாய வியாபாரம் படுத்துவிட்டது. செடிகள் மட்டும் ஊரெல்லாம் பரவிக் காடாகின. பிறகு அதே குடும்பத்து வேறொரு பூச்சியை வைத்தே கள்ளியை அழித்தார்கள். 1926-இல் இலங்கை வழியாக வந்த பூச்சி, நாம் பறிக்கிற இந்த டில்லேனிக் காட்டைத்தான் தென்னாட்டில் சில வருடங்களிலேயே தின்று தீர்த்தது. இன்று வேலியோரம் தப்பி நிற்பது மிச்சம் மீதி.

இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு இனிப்பு, ஐஸ்கிரீம் டப்பாக்களில் "இ120" என்று பார்த்திருப்பீர்கள். அது கார்மைன், கள்ளியில் வளரும் காக்கினியல் பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு. முட்டை இல்லை என்று போட்டிருக்கும், பூச்சி இருக்கும். கேள்வி கேட்டவரின் நாத்தனாருக்கு இந்தத் தகவல் பயன்படலாம். நம்முடையது நேராகப் பழத்திலிருந்து வரும் நிறம், பூச்சி சம்பந்தம் இல்லை. கழுவியிருந்தால்.

செப்டம்பர் 9

உறையவைப்பது பற்றி. தட்டையான எவர்சில்வர் டப்பா எடுங்கள், உயரமான பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவு பொடியாக ஐஸ் விழும். கலவையை ஊற்றும் முன்பே டப்பாவை ஃபிரீசரில் வைத்துக் குளிரவிடுங்கள். ஓரம் இறுகி, நடு கூழாக இருக்கும் பக்குவத்தில் எடுத்து மிக்ஸியில் அடித்து மறுபடி வையுங்கள். இன்னொரு தடவையும் அதே மாதிரி. மெஷின் செய்வது இதைத்தான், அது நிறுத்தாமல் செய்கிறது, நாம் விட்டு விட்டுச் செய்கிறோம். மேல்பரப்பில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடினால் பனி படியாது.

எங்கள் பக்கம் மின்வெட்டு உண்டு. பாதி உருகி மறுபடி உறைந்தால் எவ்வளவு நல்ல கலவையும் பனிக்கட்டிதான். கரண்டை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. பெரிய பாத்திரத்தில் மூன்று பங்கு உடைத்த ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. நடுவில் மூடி போட்ட தூக்குவாளி, அதில் கலவை. வாளியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருங்கள், அவ்வப்போது திறந்து ஓரத்தைச் சுரண்டிவிடுங்கள். உப்பும் ஐஸும் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும், வீட்டு ஃபிரீசரைவிட அதிகக் குளிர். பிள்ளைகளை முறை வைத்துத் திருப்பச் சொன்னால் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் வீடு அமைதி. உப்புத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் எல்லாம் போச்சு.

செப்டம்பர் 10

குல்ஃபி அச்சில் ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: ஆமாம், ஊற்றலாம். ஊற்றிவிட்டு அடிக்காமல் விடலாமா என்றால், பாலை இன்னும் சுண்டக் காய்ச்சியிருந்தால் விடலாம்.

செப்டம்பர் 20

மெக்சிகோ பக்கம் போனால் இந்தப் பழத்தின் சொந்த ஊர். அங்கே வஹாகா என்றொரு நகரம். சோலெதாத் மாதா கோவில் பக்கத்துச் சதுக்கத்தில் வரிசையாக ஐஸ்கடைகள். அந்த ஊரின் பேர்போன சேர்க்கை, கள்ளிப்பழ ஐஸ் ஒரு கரண்டி, "லெச்சே கெமாதா" ஒரு கரண்டி. இரண்டாவது என்ன தெரியுமா? அடிப்பிடித்த பால். வேண்டுமென்றே தீயவிட்டு, அந்தப் புகை வாசனையோடு உறையவைத்தது. நம் வீட்டில் பால் அடிப்பிடித்தால் மாமியார் மூன்று நாள் பேசமாட்டார், அங்கே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் முறையும் பாரம்பரியமாக ஐஸ், உப்பு, நடுவில் சுழலும் உலோகப் பாத்திரம்தான்.

எனக்கு இதில் பிடித்தது ருசி மட்டுமில்லை, புத்தி. பழத்தையும் பாலையும் அவர்கள் கலக்கவே இல்லை. பழம் தனி, பால் தனி, ஒரே கிண்ணத்தில். திரிகிற பேச்சே கிடையாது. கூழ், சர்க்கரைப் பாகு, எலுமிச்சை மட்டும் சேர்த்து உறையவைத்தால் பழத்தின் முழு நிறமும் நிற்கும், கருஞ்சிவப்பு. பக்கத்தில் மதுரை ஜிகர்தண்டாவுக்குப் போடுவது மாதிரி சுண்டக் காய்ச்சிய பால் ஐஸ். லேசாக, ரொம்ப லேசாக, அடிப்பிடிக்க விட்டுப் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சுண்டின பாலின் அந்தக் கருகல் வாசனையும் பழத்தின் புளிப்பும் சேர்ந்தபோது, கலந்து செய்ததைவிட இதுதான் மேல் என்று பட்டது. இனி நான் செய்தால் இப்படித்தான்.

அக்டோபர் 5

இந்தப் பழம் ரத்தம் ஊறவைக்கும், நீர்க்கட்டி கரைக்கும், சர்க்கரை நோயை விரட்டும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை இங்கே கொண்டுவந்து ஒட்டியவருக்கு: நிறம் சிவப்பு என்பதற்காக ரத்தமாகிவிடாது. நல்ல பழம், நார்ச்சத்து உண்டு, வைட்டமின் சி உண்டு. நாம் அதில் 140 கிராம் சர்க்கரை போட்டிருக்கிறோம். மருந்து என்று சொல்லிக்கொண்டு சாப்பிட வேண்டாம், ஐஸ்கிரீம் என்று சொல்லியே சாப்பிடலாம். பழத்தை விதையோடு கைநிறைய விழுங்குகிறவர்கள் ஜாக்கிரதை, மலச்சிக்கல் படுத்தி எடுத்துவிடும்.

அக்டோபர் 12

கோவில்பட்டித் தங்கை ஒருவர், இதைச் செய்து கடைக்குப் போடலாமா என்கிறார். போடலாம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு முதலில். அப்புறம் லேபிள். வெறுமனே "ஐஸ்கிரீம்" என்று போட, விதிப்படி பால் கொழுப்பு 10%-க்குக் குறையக் கூடாது. ஆகஸ்டில் நான் கொடுத்த அளவைக் கூட்டிப் பாருங்கள்: பாலில் 30 கிராம், 25% கிரீமில் 50 கிராம், மொத்தக் கலவை 930 கிராம் சொச்சம். 8.6% தான் வருகிறது, அது "மீடியம் ஃபேட்" வகை. கிரீம் இன்னும் 100 மில்லி சேர்த்தால் 10% தாண்டிவிடும். தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் ஊற்றினால் "ஃப்ரோசன் டெசர்ட்" என்றுதான் போட வேண்டும், ஐஸ்கிரீம் என்று போடக்கூடாது.

கொழுப்புக் கணக்கு சுலபம். டம்ளருக்கு இருபது பழம், அத்தனைக்கும் முள் பொசுக்க ஆள் யார் என்ற கணக்கை முதலில் போடுங்கள், தங்கச்சி. மழை இறங்குவதற்குள் பழத்தைப் பறித்து, கூழாக்கி, சர்க்கரை சேர்த்து ஃபிரீசரில் அடைத்துவிட்டால் தை வரைக்கும் கைவசம் சரக்கு இருக்கும்.